பெல்ட் கத்தினால் தொட்டியைப் பார்

மார்கழி மாதத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு பழைய டீசல் வண்டியைக் கிளப்பினால் அக்கம்பக்கத்து நாய்கள் குரைப்பது வழக்கந்தான். எங்கள் வண்டியைக் கிளப்பிய அன்று நாய்கள் குரைக்கவில்லை, ஓடிப்போயின. இன்ஜின் பிடித்த அடுத்த நொடியே முன்பக்கத்திலிருந்து கிளம்பிய கிறீச்சென்ற ஓலம் பத்து நிமிடத்துக்கு ஓயவில்லை. கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் கொடுத்திருந்த என் கணவரின் சித்தப்பா, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று, "ஏம்மா, உள்ள யாரையாவது கட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்த ஓலத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ நான்கு மாதங்களும் மூன்று பெல்ட்டுகளும், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒன்றும் செலவாயின. அவற்றில் இரண்டு பெல்ட்டுகளும் அந்த வாட்டர் பம்பும் வீண் செலவு என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2002ஆம் ஆண்டு மாடல் டீசல் வேன் அது. பல ஆண்டுகள் பள்ளிக் குழந்தைகளை ஏற்றி இறக்கிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், இரட்டை அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட்டில் ஓடும் சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைப் பொருத்தி அதை வீட்டு வண்டியாக மாற்றினோம். வண்டியை ஓட்டுவது கணவர். பழுது பார்ப்பது நான். இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: காவேரிப்பட்டணத்தில் மாவு மில் வைத்திருந்தவரின் மகள் நான், பெல்ட்டும் புல்லியும் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே பழக்கம்.

அந்த மில்லைப் பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியின் கதை விளங்காது. மோட்டாரிலிருந்து அரவைக் கல்லுக்குத் தட்டைப் பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்; அதன் இரு முனைகளையும் இணைத்த இரும்புக் கிளிப்புகள் புல்லியின் மேல் ஏறும்போதெல்லாம் டக், டக் என்று ஒரு தாளம் கேட்கும். பெல்ட் வழுக்கினால் அப்பா குங்கிலியப் பொடியை அதன் உட்புறத்தில் லேசாகத் தூவுவார். அதைவிட முக்கியமாக அவர் செய்த வேலை ஒன்று உண்டு. அறுவடை முடிந்த நாட்களில் கேழ்வரகு மூட்டைகளோடு வரிசை நீண்டுவிடும். அவசரக்காரர் யாராவது, கல்லுக்குள் தானியத்தை இறக்கும் மேல்தொட்டியின் அடைப்பை முழுவதும் திறந்துவிட்டால் கல் திணறும், பெல்ட் கத்தும். அப்போது அப்பா பெல்ட்டின் பக்கம் போகவே மாட்டார். நேராகப் போய்த் தொட்டியின் வாயை ஒரு விரல் அகலத்துக்குக் குறைப்பார். சத்தம் நின்றுவிடும். "பெல்ட் கத்தினா தொட்டியப் பாரு" என்று வேலையாளிடம் அவர் சொல்லி நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். கேட்டும், வண்டி கத்தியபோது நான் தொட்டியைப் பார்க்கவில்லை, பெல்ட்டைத்தான் பார்த்தேன்.

முதல் வைத்தியம் ஓசூர்ச் சாலையில் இருந்த ஒரு பட்டறையில் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் மேல் ஒரு டப்பாவிலிருந்து பிசுபிசுப்பான திரவத்தைப் பீய்ச்சினார்கள். சத்தம் அந்த நொடியே அடங்கிவிட்டது. குங்கிலியத்தின் நவீன வடிவம்தான் இது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் தட்டைப் பெல்ட்டுக்கு உதவுகிற ஒன்று வண்டியில் ஓடும் வி வடிவப் பெல்ட்டுக்குக் கேடு என்பதும் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். கிரானைட் லாரிகள் ஓடும் மாவட்டம் இது. பிசுபிசுப்பான பெல்ட் சாலையின் கல்தூசியையெல்லாம் தன்மேல் ஒட்டிக்கொண்டு, இரண்டே நாளில் உப்புத்தாள்போல் ஆகிவிட்டது. சத்தம் திரும்பி வந்தபோது புல்லிகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது.

இரண்டாவதாகத் தருமபுரியில் ஒரு சாலையோரக் கடையில் பெல்ட்டை மாற்றினோம். நான் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துச் சத்தம் மீண்டும் வந்தபோதுதான் பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன்: ஏ 38. அது மில்லுக்கும் மோட்டாருக்கும் போடுகிற பெல்ட். ஏ என்பது குறுக்களவின் வகை, 38 என்பது அங்குலக் கணக்கில் அதன் உட்புற நீளம். மேல் அகலம் 13 மில்லிமீட்டர் என்பதால் வண்டிப் பெல்ட்டைப்போலவே தோன்றும். ஆனால் மில் பெல்ட்டின் மேல் முழுவதும் துணியுறை சுற்றியிருக்கும். வண்டிக்கான பெல்ட்டின் பக்கங்கள் உறையில்லாமல் வெட்டிய ரப்பராக இருக்கும், சிறிய புல்லியைச் சுற்றி எளிதில் வளைவதற்காக அதன் உட்புறத்தில் பல் பல்லாக வெட்டுகளும் இருக்கும். துணியுறை போட்ட பெல்ட்டை, வண்டிக்கு மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சிறிய புல்லியில் ஓயாமல் வளைத்தால் அது சூடேறிப் பளபளத்துப் போகும். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மில்காரரின் மகளே பார்க்காமல் விட்டுவிட்ட விஷயம் இது.

மூன்றாவது வைத்தியம்தான் மிகவும் விலை உயர்ந்தது. பாலக்கோட்டில் ஒரு மெக்கானிக் சரியான வண்டிப் பெல்ட்டைப் போட்டு, நீளமான லீவர் ஒன்றை ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் கொடுத்துத் தம்பிடித்து இழுத்து போல்ட்டை முறுக்கினார். பெல்ட்டை விரலால் தட்டிப் பார்த்தபோது தம்புராத் தந்திபோல் ஒலித்தது. "இனி ஜென்மத்துக்கும் கத்தாது அக்கா" என்றார். உண்மையிலேயே ஒரு மாதம் கத்தவில்லை. அதன் பிறகு சேலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, தொப்பூர் கணவாயின் ஏற்றத்தில் வெப்பமானியின் முள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை வழியாகப் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பம்பின் உள்சீல் பழுதானால் தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்திருக்கும் துளை அது. ஃபேனைப் பிடித்து அசைத்தபோது தண்டு கையோடு ஆடியது. அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட் அந்தத் தண்டை ஒரு மாதம் முழுவதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததால் பேரிங் தேய்ந்து, தண்டு ஆட்டம் கண்டு, சீலும் கிழிந்திருக்கிறது. தருமபுரிவரை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்தோம். பெல்ட்டுக்கு ஆனது சில நூறு ரூபாய்தான். பம்புக்கும் கூலிக்கும் இழுவைக்கும் சேர்த்து எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

புதிய பம்பைப் போட்டு, பெல்ட்டை அளவான இறுக்கத்தில் வைத்ததும் மறுநாள் காலையில் பழைய ஓலம் அப்படியே திரும்பி வந்தது. அன்றுதான், வண்டியை எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோவதில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டு நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை. அப்பாவின் மில்லில் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகாமல் எந்தப் பெண்ணும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊர் மில் ஒன்றில் நடந்த விபத்துக்குப் பிறகு போட்ட கோடு அது. வண்டியின் பெல்ட் அதைவிட வேகமாக ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே ஃபேனும் சுழல்கிறது. துப்பட்டா, தொங்கும் துண்டு, வேட்டி நுனி, விரித்த கூந்தல், கைவளையல் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கையை உள்ளே விடும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும். சாவி இன்ஜினைப் பார்ப்பவரின் பையில் இருக்க வேண்டும்.

எந்தப் பெல்ட் கத்துகிறது என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வண்டியில் வெளியே தெரியும்படி இரண்டு பெல்ட்டுகள் உள்ளன. இன்ஜின் நேரடியாகச் சுற்றும் கிராங்க் புல்லியிலிருந்து வாட்டர் பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் போவது ஒன்று. எல்லோரும் ஃபேன் பெல்ட் என்று சொல்வது இதைத்தான். ஏ.சி. கம்ப்ரெசருக்கு மட்டும் போவது மற்றொன்று. ஏ.சி.யைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தேன். சத்தத்தில் மாற்றம் இல்லை. முன்விளக்குகளையும் ஊதுவிசிறியையும் போட்டபோது ஓலம் ஒரு படி ஏறியது. அப்படியானால் தகராறு ஃபேன் பெல்ட்டில், அதிலும் குறிப்பாக ஆல்டர்னேட்டரில்.

அடுத்து, பேரிங்கின் சத்தத்தைப் பெல்ட்டின் சத்தம் என்று நினைத்து ஏமாறவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டியிருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விட்டேன். வாட்டர் பம்ப் சுற்றாத நிலையில் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஓலம் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தேன். புதிய பம்ப் வழுவழுவென்று சுற்றியது. ஆல்டர்னேட்டரிலும் கரகரப்பு இல்லை. ஆனால் ஆல்டர்னேட்டரை மொத்தமாகப் பிடித்து அசைத்தபோது, அது தொங்கும் கீழ் போல்ட்டில் சிறிய ஆட்டம் ஒன்று இருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்; அன்று அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

பெல்ட்டை மாட்டிவிட்டு, துணி தேய்க்கும்போது தெளிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மிக எளிய சோதனை இது; கைக்காசு செலவில்லாதது. சத்தம் வரும்போது பக்கவாட்டில் நின்றுகொண்டு பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். ஏற்கெனவே பிடிப்பில்லாத இடத்தில் தண்ணீர் இருக்கிற பிடிப்பையும் கெடுத்துவிடுகிறது. சத்தம் சில நொடி மறைந்து மீண்டும் வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். கோணலாக உள்ளே நுழைகிற பெல்ட்டின் பக்கம் புல்லியில் உராய்வதைத் தண்ணீர் சற்று நேரம் மென்மையாக்குகிறது. எங்கள் வண்டியில் தண்ணீர் பட்டதும் ஓலம் உச்சத்துக்குப் போயிற்று. வழுக்கல்தான்.

சரியான பெல்ட், சரியான இறுக்கம், இருந்தும் ஏன் வழுக்குகிறது? இந்தக் கேள்வியோடு படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் தொட்டி நினைவுக்கு வந்தது. இந்தப் பெல்ட்டுக்குத் தொட்டி எது? ஆல்டர்னேட்டரிடம் யார் இவ்வளவு கேட்கிறார்கள்?

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். டீசல் இன்ஜினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறத்தாழ 250 ஆம்பியர் இழுக்கிறது, நான்கு நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், பேட்டரியிலிருந்து போவது 0.3 ஆம்பியர்-மணிக்கும் குறைவுதான். அதைத் திருப்பிக் கொடுக்க ஆல்டர்னேட்டருக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். சாதாரண வண்டிகள் பனிக்காலக் காலையில் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போவதற்குக் காரணம் இதுதான். எங்கள் வண்டி பத்து நிமிடம் கத்துகிறதே என்று யோசித்தபோது விடை கட்டிலுக்கு அடியில் இருந்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கென 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை அங்கே வைத்திருந்தோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்ச் ஒன்று அதை ஆல்டர்னேட்டரோடு சேர்த்துவிடும். குளிர்பதனப் பெட்டியும் விசிறியும் விளக்குகளும் இரவு முழுவதும் ஓடினால் காலையில் அந்தப் பேட்டரி 60 ஆம்பியர்-மணி வரை இழந்து பசியோடு காத்திருக்கும்.

நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை அந்தக் கம்பியில் மாட்டிப் பார்த்தேன்: கிளப்பிய உடனே 38 ஆம்பியர். விளக்கு, ஊதுவிசிறி, இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி எல்லாம் சேர்ந்து இன்னொரு 25 வரும் என்று வைத்தால் மொத்தம் 63 ஆம்பியர். 14 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 880 வாட். ஆல்டர்னேட்டர் தான் வாங்கும் சக்தியில் பாதியைவிடச் சற்று அதிகத்தை மட்டுமே மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. எனவே பெல்ட் சுமக்க வேண்டியது 1,500 வாட்டுக்கு மேல், அதாவது இரண்டு குதிரைத்திறன். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, இது அதன் விளிம்பில் தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். புல்லி மெதுவாகச் சுற்றும்போது இதே சக்தியைக் கேட்டால் குடத்தின் எடை இன்னும் கூடும்.

மறுநாள் காலை வீட்டு பேட்டரிக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னேன். ஒரு கீச், ஐந்து எண்ணுவதற்குள் அமைதி. கணவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மாத்தின?" என்று கேட்டார். "எதையும் மாத்தல, தொட்டியைத்தான் மூடினேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இத்தோடு முடிந்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இறுக்கம் சரியாக உள்ள ஒரு வி பெல்ட் இரண்டு குதிரைத்திறனுக்கு இப்படி அலறக் கூடாது என்ற உறுத்தல் இருந்தது. டார்ச் அடித்து ஆல்டர்னேட்டர் புல்லியின் பள்ளத்தைப் பார்த்தேன். பெல்ட்டின் மேற்புறம் புல்லியின் விளிம்போடு சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ நிற்க வேண்டும். இங்கே 3 மில்லிமீட்டர் உள்ளே புதைந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னியது. பெல்ட்டின் உட்பற்களின் நுனிகளும் அதேபோல் மின்னின.

வி பெல்ட்டின் வித்தையே அது பள்ளத்தின் அடியைத் தொடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. மரத்தில் ஆப்பு இறங்குவதுபோல் அது இரண்டு சரிவான சுவர்களுக்கு நடுவே இறங்கி, பக்கங்களால் மட்டுமே பிடிக்கிறது. 36 முதல் 38 பாகை வரை உள்ள பள்ளத்தில், அதே இறுக்கத்தில் ஓடும் தட்டைப் பெல்ட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பிடிப்பு இந்த ஆப்பினால் கிடைக்கிறது. சுவர்கள் தேய்ந்து கிண்ணம்போல் குழிந்துவிட்டால் பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆப்பு ஆப்பாக இல்லாமல் போகும், பிடிப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதாவது என் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது பெயரளவில்தான் வி பெல்ட். செயலில் அது அப்பாவின் பழைய தட்டைப் பெல்ட், அதுவும் குங்கிலியம் இல்லாமல். புதுப் பெல்ட்டுகளை எத்தனை மாற்றினாலும் ஒரு வாரத்தில் பழைய கதை திரும்பியதற்கும், அளவுக்கு மீறி இறுக்கியபோது மட்டும் அடங்கியதற்கும் காரணம் இதுதான். ஒரு பெல்ட்டில் பல புல்லிகள் இருந்தாலும் முதலில் வழுக்குவது ஆல்டர்னேட்டர் புல்லியில்தான். அது மிகச் சிறியது, பெல்ட் அதைத் தழுவும் வளைவும் குறைவு.

அந்தப் புல்லி எப்படி அவ்வளவு தேய்ந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. வண்டியை மாற்றியமைத்தபோது வீட்டு பேட்டரிக்கும் சேர்த்து மின்சாரம் வேண்டும் என்பதற்காகப் பெரிய ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டியிருந்தோம். புல்லி அதோடு வந்தது. எந்த வண்டியில் எத்தனை ஆண்டு கல்தூசி தின்ற புல்லியோ தெரியாது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் கொடுக்கிறதா என்று சோதித்தோமே தவிர, முன்னால் இருந்த அந்தச் சிறிய இரும்பு வட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷ்ணகிரியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்கு அதைக் கொண்டுபோனேன். பள்ளத்தை மீண்டும் கடைந்து தர முடியுமா என்று கேட்டேன். கடைந்தால் பள்ளம் அகலமாகி, பெல்ட் இன்னும் கீழே இறங்கிவிடும், புதிதாக வாங்குங்கள் அக்கா என்று அவர் மறுத்துவிட்டார். வருகிற வேலையை வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே ஆட்டம் கண்டிருந்த ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டுக்கான புஷ்ஷை, அதாவது போல்ட்டைச் சுற்றி இருக்கும் உலோகக் குழாயை, அவரிடமே கன்மெட்டல் என்கிற வெண்கல வகையில் கடையச் சொன்னேன்.

புதுப் புல்லியையும், வண்டியோடு வந்ததையும் சேர்த்தால் நான்காவதான பெல்ட்டையும் போட்டுக் கிளப்பியபோது ஓலம் போயிருந்தது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்திருந்தது: இன்ஜின் மெதுவாக ஓடும்போது சிட்டுக்குருவி கத்துவதுபோல், கிச், கிச், கிச் என்று ஒரே சீரான சத்தம். இது முன்பும் இருந்திருக்க வேண்டும்; பெரிய ஓலத்தில் கேட்காமல் போயிருக்கிறது. தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். பீய்ச்சியதும் குருவி வாயை மூடியது. பத்து நொடியில் மீண்டும் கத்தியது. புல்லிகள் நேர்கோட்டில் இல்லை.

இதைப் பார்க்க எவர்சில்வர் அளவுகோல் ஒன்று போதும். பெரிய வண்டியாக இருந்தால் கொத்தனார் நூலை இழுத்துப் பிடிக்கலாம். கிராங்க் புல்லியின் முகப்பில் அளவுகோலை ஒட்ட வைத்து ஆல்டர்னேட்டர் புல்லிவரை நீட்டினேன். முகப்புகளைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. புல்லிக்குப் புல்லி விளிம்பின் தடிமன் வேறுபடும் என்பதால் பள்ளத்தின் நடுவைக் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி அளந்ததில் ஆல்டர்னேட்டர் புல்லி 4 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. வி பெல்ட்டுக்கு அரைப் பாகைவரை கோணல் பொறுக்கும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு புல்லிகளுக்கும் இடையே 280 மில்லிமீட்டர் இருப்பதால் அது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டருக்குத்தான் வரும். வேறு வண்டியின் ஆல்டர்னேட்டரை நம் வண்டியின் பிராக்கெட்டில் மாட்டினால் இப்படித்தான் ஆகும். தேய்ந்துபோன பழைய புஷ், பெல்ட் இழுக்கும்போது ஆல்டர்னேட்டரைச் சாய்த்து அந்தக் கோணலை இன்னும் கூட்டியிருக்கிறது. புதுப் புஷ்ஷைப் போட்டு, பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டரின் காதுக்கும் நடுவே 4 மில்லிமீட்டருக்கு வாஷர் வைத்ததும் குருவி பறந்துவிட்டது. அந்த வாஷர்களின் விலை இருபது ரூபாய்.

இறுக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதில் ஆளுக்கு ஆள் விரல் வேறு. பாலக்கோட்டு மெக்கானிக்கின் விரலும் என் விரலும் ஒன்றல்ல. பெட்டி எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் பெல்ட்டின் மிக நீளமான பகுதியின் நடுவில் மாட்டி, 10 கிலோ காட்டும்வரை இழுத்து, பெல்ட் எவ்வளவு விலகுகிறது என்று அளவுகோலில் பார்க்கிறேன். எங்கள் வண்டியின் கையேட்டில் 10 முதல் 12 மில்லிமீட்டர் என்று உள்ளது. உங்கள் வண்டியின் அளவை அதன் கையேட்டில் பாருங்கள். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் நீண்டு பள்ளத்தில் படிந்து தளரும் என்பதால் அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறையும், 500 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு முறையும் மீண்டும் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டி நிறுத்திய உடன், சாவியை எடுத்துவிட்டு, புறங்கையைப் புல்லிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அப்பாவின் முறை: வழுக்கும் பெல்ட்டின் புல்லி மற்றவற்றைவிடக் கொதிக்கும், தொடாமலே தெரியும்.

புதிய வண்டிகளில் வி பெல்ட்டுக்குப் பதிலாக வரி வரியாகக் காடி ஓடிய அகலமான ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. இறுக்கத்தை ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் தானே பார்த்துக்கொள்கிறது. அங்கே நாம் முறுக்க போல்ட் இல்லை. சத்தம் வந்தால் டென்ஷனரின் ஸ்பிரிங்கையும் வழிகாட்டிப் புல்லிகளின் பேரிங்கையும் பார்க்க வேண்டும். இப்போதைய பெல்ட்டுகளின் ரப்பர் பழையதைப்போல் சீக்கிரம் வெடிப்பதில்லை. வெடிப்பு இல்லை என்பதற்காக நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது, காடிகள் உள்ளுக்குள் தேய்ந்து ஆழமாகியிருக்கும். மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் வேறு சமாச்சாரம். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்பதால் அதை வீட்டு வாசலில் வைத்துக் கழற்ற வேண்டாம்.

கடைசியாகத் தொட்டியின் வாய். ரிலேயை எடுத்துவிட்டு, வீட்டு பேட்டரிக்கு 20 ஆம்பியருக்கு மேல் போகவிடாத சார்ஜர் ஒன்றை நடுவில் வைத்தேன். அதற்கும் ஒரு சுவிட்ச் போட்டு, வண்டி சாலைக்கு வந்து இன்ஜின் சூடான பிறகே அதைப் போடுவது என்று வழக்கமாக்கிக்கொண்டோம். மீதிப் பசியைக் கூரையில் உள்ள சூரியத் தகடு பகலில் ஆற்றிவிடுகிறது. பேட்டரி நிறையச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது. எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.

போன மாதம் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்வந்தோம். திரும்பி வந்ததும் கிலோமீட்டரைப் பார்த்தேன். பெல்ட் போட்டு 540 ஆகியிருந்தது. தராசை மாட்டி இழுத்தால் விலகல் 14 மில்லிமீட்டர் காட்டியது. லீவரைத் தேடிய கணவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சரிசெய்யும் போல்ட்டை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன், 11 வந்தது. தேதியையும் கிலோமீட்டரையும் பானட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன், அப்பா மில்லின் கதவில் எழுதி வைப்பதைப்போல. மார்கழி வரட்டும், தேன்கனிக்கோட்டைச் சித்தப்பாவின் கொல்லை ஓரத்தில் ஒரு முறை கிளப்பிப் பார்க்க வேண்டும்.